மேற்கே பார்த்த பீடம்

ஏப்ரல் 8, திங்கள்

மாவு பொங்கி வழிந்து சமையல் மேடையெல்லாம் ஓடியிருந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆயர் போன் செய்தார். கொடிமேட்டில் நம் புனித பர்னபா ஆலயத்தைக் கட்டி வருகிற ஜூலையோடு நூற்று எழுபது வருஷம் நிறைகிறதாம். வரலாற்று மலர் ஒன்று போட வேண்டுமாம். அதை நான் எழுத வேண்டுமாம்.

"எனக்கு என்ன எழுதத் தெரியும் ஐயா?"

"முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு ஆபீஸ்ல பழைய பத்திரமா படிச்சவங்க நீங்கதானம்மா. நான் அங்கி மாத்துற வெஸ்ட்ரி அறையில ஒரு இரும்புப் பெட்டி நிறையப் பழைய நோட்டு கிடக்கு. எழுத்து ஒருத்தருக்கும் புரியல."

முகஸ்துதி என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன்.

இவரிடம் சொன்னேன். (நாளைக்கு வேறு யாராவது இதைப் படித்தால் புரியட்டும்: இவர் என்றால் என் கணவர் பாக்கியநாதன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலயக் கமிட்டியின் செயலர்.)

"எழுது, எழுது. கடைசிப் பக்கம் எனக்கு. புது முகப்போட படம் போடணும்" என்றார்.

புது முகப்பு என்பது ஆலயத்தின் மேற்குச் சுவரை இடித்து தன் பெயர்க் கல்லோடு இவர் கட்டப்போகும் ஆறு தூண் மண்டபம். இரண்டு வருஷமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்த வரைபடத்தின் மேல்தான் சாம்பார் வைக்கிறோம்.

ஏப்ரல் 10, புதன்

ஆலயப் பணியாளர் சீமோன் பெட்டியைத் திறந்து கொடுத்தார். உள்ளே பதினெட்டு நோட்டுகள், ஒரு செத்த பல்லி. பல்லியைச் சீமோன் எடுத்துக்கொண்டார்.

முதலில் கட்டடத்தைப் பற்றி எழுதுவோமென்று உட்கார்ந்தேன். அறுபது வருஷமாகப் போகிற இடம், ஆனால் இன்றுதான் பார்த்தேன். சுவர் மூன்றடிக் கனம். கூர்முனை வளைவு ஜன்னல்கள். கூரையைத் தாங்கும் தேக்குச் சட்டங்கள், கவிழ்த்துப் போட்ட படகின் உள்பக்கம்போல. அந்தக் காலத்தில் கயிறு இழுத்து வீசும் பங்கா தொங்கிய கொக்கிகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. மேற்குச் சுவரில், பீடத்துக்கு மேலே, உயரத்தில் ஒரே ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல்: ஆட்டைத் தோளில் போட்ட மேய்ப்பர். மாலை ஆராதனையில் வெயில் அந்தச் சிவப்பு அங்கி வழியாக வரும்போது ஆயரின் வழுக்கை ரோஜா நிறமாகிவிடும். இது மலரில் வராது.

இங்கிலீஷ்காரர்கள் கட்டிய கோயில்களில் பீடம் கிழக்கே இருக்கும், வாசல் மேற்கே இருக்கும். நம்முடையது மட்டும் நேர் எதிர். காரணம் எல்லோருக்கும் தெரியும். கட்டுவித்த கேப்டன் பெல்லிங்காம் ஒரு மாலை மேற்கு வானத்தில் ஒளிச் சிலுவையைத் தரிசனமாகக் கண்டார். அந்தத் திசையிலேயே பீடம் வைத்தார். பளிங்குக் கல்லில் பொறித்திருக்கிறது. ஞாயிறு பள்ளியில் நானே நாற்பது பிள்ளைகளுக்காவது சொல்லிக்கொடுத்திருப்பேன்.

ஏப்ரல் 17, புதன்

மூன்றாம் நோட்டு. 1853. கேப்டனின் சொந்தக் கையெழுத்து. குடித்துவிட்டு எழுதினாரோ, குதிரைமேல் எழுதினாரோ, அப்படி ஒரு எழுத்து. மூன்று மணி நேரம் ஆனது.

லண்டனிலிருந்து வரைபடம் வந்தது. அதில் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. கேப்டன் அதைக் கொத்தனார் கையில் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காட்டெருமை வேட்டைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருக்கிறது, முன்னும் பின்னும் மாறி. "சுடேன் என்னும் இந்த முட்டாள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் கொத்தனாரின் மன்னிப்பு, இங்கிலீஷில் கேப்டனே எழுதியது. அடியில் கொத்தனாரின் கிறுக்கல் கையெழுத்து.

ஐந்து வாரம் கழித்து மேலிடத்துக்கு ஒரு கடித நகல். அதில்தான் முதல் தடவையாக ஒளிச் சிலுவை வருகிறது.

நோட்டை மூடிவிட்டேன். பெட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். சாவி துருப்பிடிக்கிறது, நானே எண்ணெய் போட்டு வைத்துக்கொள்கிறேன் என்று சீமோனிடம் சொன்னேன்.

ஏப்ரல் 18, வியாழன்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி. பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் நானும் உறுப்பினர் என்பதால் பின்வரிசையில் இருந்தேன்.

இவர் வரைபடத்தை விரித்துப் பேசினார். நியாயமாகத்தான் பேசினார். "முன்னாடி ரோடு கிழக்கே இருந்துச்சு. இப்ப பைபாஸ் மேற்கே வந்துருச்சு. வயசானவங்க வண்டியை விட்டு இறங்கி, கல்லறைத் தோட்டத்துச் சரிவுல சுத்தி வந்து கிழக்கு வாசலைப் பிடிக்கிறதுக்குள்ள முதல் பாட்டு முடிஞ்சு போகுது. மேற்கே வாசல் திறப்போம். பீடத்தை முறைப்படி கிழக்கே மாத்துவோம்."

பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். தரிசனம் கண்ட திசையை மாற்றுவதா? "ஜன்னலைப் பேத்து எங்க வைப்பீங்க பாக்கியம், ஸ்டோர் ரூம்லயா?" என்று ஒருவர் கேட்டார். இவர் வரைபடத்தைச் சுருட்டினார். முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து, "சுவரை இடிக்கலாம், தரிசனத்தை எப்படி இடிக்கிறது?" என்றார். பாவமாக இருந்தது. அப்பளம் இரண்டு கூடுதலாகப் பொரித்தேன். நோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மே 3, வெள்ளி

பல் பிடுங்க டவுனுக்குப் போய்த் திரும்பினால், சாப்பாட்டு மேசையில் மூன்றாம் நோட்டு. சாவியை நான் அரிசி டின்னில் வைத்திருந்தேன். இன்றைக்கென்று பார்த்து இவர் சோறு வடிக்கக் கிளம்பியிருக்கிறார், கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் மூன்றாவது தடவையாக. சாவி கிடைத்ததும் பெட்டியைத் திறந்து, அந்த எழுத்தோடு பகல் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறார்.

"ஹெப்சி! தரிசனமும் இல்ல, ஒண்ணும் இல்ல! அந்தச் சுடேன் பிளானைத் தலைகீழாப் பிடிச்சிருக்கான்! இது வெறும் தப்பு! நீ இதைப் பாக்கலையா?"

வாயில் பஞ்சு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. நல்லவேளை.

மே 5, ஞாயிறு

கமிட்டியில் இவர் அந்தப் பக்கத்தை வாசித்தார். இங்கிலீஷிலும் தமிழிலும். பெரியவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருவர் எழுந்து போய் பளிங்குக் கல்லை முறைத்துவிட்டு வந்தார்.

ஒன்பதுக்கு இரண்டு. புது முகப்பு உறுதி. பேராயர் வந்து இடத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. எதிர்த்துக் கைதூக்கிய இரண்டில் ஒன்று யாருடையது என்று இவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மே 7, செவ்வாய்

கண்ணை மூடினால் ஜன்னல் ஸ்டோர் ரூமில் துடைப்பத்தோடு சாய்ந்து நிற்கிறது. அதனால் மறுபடி வெஸ்ட்ரி அறையில் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மன்னிப்புப் பத்திரத்தின் கீழே இருந்த கையெழுத்து ஒரு பேருக்கு ரொம்ப நீளம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது கிறுக்கலும் இல்லை. பழைய தமிழ். புள்ளி கிடையாது, இரட்டைக் கொம்பு கிடையாது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. ஆபீஸில் இப்படிப்பட்ட பத்திரம் வந்தால் எல்லோரும் என் மேசைக்குத்தான் தள்ளுவார்கள். எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதினேன்.

"தப்பில்லை மழை மேற்கிருந்து அடிக்கும் துரைக்குத் தெரியாது சடையன்."

நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் சீமோன் மணிக்கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார். என்னவென்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேற்குச் சுவரைப் போய்த் தொட்டுப் பார்த்தார். "அம்மா, நான் இருபத்திரண்டு வருஷமா கிழக்கு வாசல்ல மழைத் தண்ணி துடைச்சதே இல்ல" என்றார்.

அந்த மனிதர் வேண்டுமென்றேதான் திருப்பிக் கட்டியிருக்கிறார். முட்டாள் என்று பட்டம் வாங்கிக்கொண்டு, மன்னிப்புக்கு அடியில் மன்னிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கேப்டன் அதைப் பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறார்!

மே 8, புதன்

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"பேரு சடையனா? கேப்டன் சுடேன்னு எழுதியிருக்கான்" என்றார்.

"மழையைப் பத்திச் சொல்லியிருக்காரே?"

"அந்தக் காலத்துல கான்கிரீட் இல்ல ஹெப்சி. நான் நாலடிக்கு சன்ஷேட் போடறேன்."

"நம்ம ஊர் மழை மேலேருந்து வராதுங்க. எதிர்ல வரும்."

"ஆறடி போடறேன்."

சன்ஷேட் போடுகிற மனுஷனோடு என்ன பேசுவது?

மே 12, ஞாயிறு

பேராயருக்கு மே 25 அல்லது ஜூன் 8 வசதிப்படும் என்று ஆயர் சொன்னார். எது நல்லது என்று என்னைக் கேட்டார்.

"மே இருபத்தஞ்சுல கல்யாண வீடெல்லாம் இருக்கு ஐயா. ஜூன் எட்டு நல்ல நாளு" என்றேன்.

"எத்தனை கல்யாணம்?" என்று சீமோன் கேட்டார். அவருக்கு வேலை இல்லாத நேரத்தில் இப்படித்தான் எதையாவது கேட்பார்.

மே 30, வியாழன்

பேராயர் வந்தால் முகப்பு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். அதற்காக மேற்குச் சுவருக்கு வெளியே, பைபாஸைப் பார்த்து, மூங்கிலும் துணியும் வைத்து இவர் அசல் அளவில் ஒரு மாதிரி மண்டபம் கட்டுகிறார். ஆறு தூணுக்கும் வெள்ளைத் துணி சுற்ற வேண்டும். நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். தையல் கெட்டியாகத்தான் போட்டேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஏணியில் நின்று கயிறு கட்டும்போது இவர் விசில் அடித்தார். வேலையில் இருந்த நாளெல்லாம் மற்றவர்கள் வரைந்ததை மேற்பார்வை பார்த்தவர். சொந்தமாக வரைந்து ஒரு கட்டடம்கூட எழுப்பியதில்லை. இதை நான் இதற்கு முன்னால் யோசித்துப் பார்க்கவில்லை.

ஜூன் 5, புதன்

கேரளாவில் மழை இறங்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். கேரளா இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்.

தேதியைத் தள்ளிப்போடலாமா என்று இவரிடம் கேட்க வாயெடுத்தேன். "நாலு சொட்டு மழைக்கெல்லாம் பயப்படறவன் பி.டபிள்யூ.டி.ல இருக்க முடியாது" என்று அவரே சொல்லிவிட்டார். நான் கேட்க நினைத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐக்கியத்துப் பெண்களிடம் பதினொரு குடை வாங்கிக் கிழக்கு வாசலில் வைத்தேன். எதற்கும் இருக்கட்டும்.

ஜூன் 8, சனி

காலை வெயில். இவர் என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா என்று எழுதியிருந்தது. ஊதா அங்கியோடு பேராயர் பத்தரைக்கு வந்தார். மாதிரி மண்டபத்தின் கீழ் நாற்காலி போட்டு, ஆயர் ஜெபம் பண்ணி, இவர் பேச ஆரம்பித்தார். தூண்களின் அளவு, வாசலின் அகலம், சாய்வுப் பாதை. உண்மையைச் சொன்னால் அழகாகப் பேசினார். பேராயர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பதினொன்றே காலுக்கு எதிர் மலை காணாமல் போனது.

மேகம் வந்து, இடி இடித்து, தூறி, அதன் பிறகு மழை என்பதெல்லாம் சமவெளியில். இங்கே காற்றுதான் முதலில். ஒரே தள்ளு. நான் தைத்த ஆறு தூணும் ஒன்றாக உப்பின. வரவேற்புத் துணி கிழிந்து ஆயரின் முகத்தில் போய் ஒட்டியது. பிறகு மழை, யாரோ பக்கவாட்டில் வாளி வாளியாக வீசுகிற மாதிரி. இவர் வரைந்த ஆறடி சன்ஷேட்டுக்காக மேலே கட்டியிருந்த தகரம் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பறந்தது. அங்கே யாரும் இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம்.

"கிழக்கே வாங்க! எல்லாரும் கிழக்கே வாங்க!" என்று சீமோன் கத்தினார். பேராயரை நடுவில் விட்டுக்கொண்டு எல்லோரும் சுவரைப் பிடித்தபடி சுற்றி ஓடினோம். இவர் மட்டும் வரவில்லை. நாலாவது தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க!"

"ஒரு நிமிஷம் ஹெப்சி, காத்து நின்னுரும்!"

"நிக்காதுங்க. நிக்கவே நிக்காது. வாங்க!"

கையைப் பிடித்து இழுத்தேன். தூண் எங்களோடு வந்தது. அப்புறம் விட்டார்.

கிழக்கு வாசலில் வந்து நின்றால் ஒரு சொட்டு இல்லை. பின்னால் காற்று ஊளையிடுகிறது. இங்கே கதவுப் படியில் புழுதிகூட நனையவில்லை. அடுக்கி வைத்த பதினொரு குடையும் காய்ந்தபடி நிற்கின்றன. பேராயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே கையை நீட்டிப் பார்த்தார்.

"இங்க மட்டும் எப்படி?"

ஆயர் என்னைப் பார்த்தார். எழுத்துப் பிரித்து எழுதிய தாள் எப்படியோ என் கைப்பையில் இருந்தது. எடுத்தேன். இவர் சுவரோரமாக, தலைமுடி நெற்றியில் ஒட்ட, கையில் ஒரு முழத் துணியோடு நின்றார். எனக்குத் தாளைப் பிரிக்கக் கை வரவில்லை. இத்தனை பேர் முன்னால், இந்தக் கோலத்தில் நிற்கிறவர் முன்னால், எப்படி வாசிப்பது? திரும்ப மடித்துவிட்டேன்.

"படி ஹெப்சி" என்றார் இவர். "நான் படிச்சா நடுவுல சன்ஷேட் பத்திப் பேசிருவேன்."

படித்தேன். பேராயர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அங்கியின் ஈரம் தெறித்தது. அடுத்து சீமோன், பிறகு பெரியவர்கள், கடைசியில் ஆயரும்.

"அப்ப அந்தத் தரிசனத்தை மலர்ல என்ன பண்றது ஐயா?" என்று ஆயர் கவலையோடு கேட்டார்.

"கேப்டன் எழுதினதைக் கேப்டன் எழுதினார்னு போடுங்க. கொத்தனார் எழுதினதைக் கொத்தனார் எழுதினார்னு போடுங்க. சுவரை என்ன பண்றதுன்னு நீங்களே பேசி முடிவெடுங்க" என்றார் பேராயர்.

இவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

ஜூன் 9, ஞாயிறு

மழை. இவருக்குச் சளி. மிளகு ரசம் வைத்தேன். குடித்தார். பேசவில்லை.

ஜூன் 10, திங்கள்

மழை. பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தைக் காணோம். வெறும் மேசையில் சாம்பாரை வைக்கக் கை கூசியது.

ஜூன் 12, புதன்

துணி காயவில்லை என்று மாடி அறையில் கொடி கட்டப் போனேன். தரையெல்லாம் என் பழைய டைரிகள். நடுவில் இவர், மடியில் ஒரு வெள்ளைத் தாள்.

"இருபது வருஷ டைரி பார்த்தேன்" என்றார். சளியில் குரல் கட்டியிருந்தது. "கறிவேப்பிலை வாங்கினது, பால்காரன் வராதது, மழை பெஞ்சது, எல்லாத்தையும் எழுதியிருக்க. இருபதுல பதினேழு வருஷம் ஜூன் அஞ்சுக்கும் பத்துக்கும் நடுவுல முதல் மழை கொட்டியிருக்கு."

நான் கொடியைக் கட்டினேன்.

"மே இருபத்தஞ்சுல எத்தனை கல்யாணம் ஹெப்சி?"

"ஒண்ணு" என்றேன். "மதுரையில."

தாளை மடித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. ஆறடி சன்ஷேட் போடறேன்னீங்க."

மடித்த தாளை ஒரு டைரிக்குள் செருகினார். பிறகு, "எட்டடி போட்டிருந்தாலும் நின்னிருக்காது" என்றார். அதைச் சொல்ல அவருக்கு என்ன வலித்ததென்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தேன். தவறு என்னுடையதுதான் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் தும்மினார். நான் வெந்நீர் வைக்கக் கீழே போய்விட்டேன்.

ஜூன் 17, திங்கள்

சளி விட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். மத்தியானம் வரவில்லை. சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டுக் கொண்டுபோனேன். சீமோன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். இவர் தரையில் முட்டி போட்டு மறுமுனையில்.

"நேர் மேற்கு இல்ல ஹெப்சி. சடையன் சுவர் மூலையைக் கொஞ்சம் திருப்பியிருக்கான். காத்து சுவர்ல முட்டாம வழுக்கிப் போகுது. அந்த மழையில ஜன்னல் கண்ணாடி ஏன் அதிரலைன்னு இப்பதான் தெரியுது." நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "இவன்கிட்ட நான் வேலை பாத்திருக்கணும்."

தூக்கைத் திறந்து கொடுத்தேன். கை கழுவாமலே சாப்பிட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

கமிட்டி. இவர் எழுந்து முகப்புத் திட்டத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அதே மூச்சில் செயலர் பதவியையும் விட்டுவிட்டார். எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்றார்கள்.

"எனக்குப் பதிலா ஒரு பேர் சொல்றேன். திசை தெரிஞ்சவங்க, பருவம் தெரிஞ்சவங்க. எதிர்த்து ஓட்டுப் போட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே எனக்குத் தோசை சுட்டுத் தந்தவங்க" என்று என் பெயரைச் சொன்னார்.

அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறார்!

பத்து பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. சொந்தப் பெயருக்குத் தூக்குவது அழகில்லை.

ஜூலை 7, ஞாயிறு

நூற்று எழுபதாம் ஆண்டு ஆராதனை. மழை. மலர் வெளியானது. கேப்டனின் தரிசனம் நாலாம் பக்கத்திலும் சடையனின் வரி ஐந்தாம் பக்கத்திலும் எதிரெதிராக வந்திருக்கின்றன. புத்தகத்தை மூடினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். வயதானவர்கள் இன்றும் சரிவில் வழுக்கி வழுக்கித்தான் வந்து சேர்ந்தார்கள். இவர் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றினார். முதல் பாட்டு அவருக்குத் தவறிப்போனது.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் சுருட்டிய தாள்.

"செயலர் அம்மாவைப் பாக்கணும்."

"உக்காருங்க."

விரித்தார். பைபாஸிலிருந்து ஆலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டி, கல்லறைச் சரிவு பக்கமே போகாமல், கிழக்கு வாசல் வரைக்கும் ஓடு வேய்ந்த ஒரு நடைபாதை. சக்கர நாற்காலி போகிற சாய்வு. காற்றுக்கு முதுகு காட்டிய தூண்கள். பழைய சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை. முகப்புப் படத்தில் தன் பெயருக்கென்று ஒரு கல் வரைந்திருந்தாரே, அது இதில் எங்கேயும் இல்லை.

எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று. வெங்காயம்.

நல்ல வரைபடம். இதைவிட நல்லதாக யாராலும் வரைய முடியாது. ஆனால் உடனே சொல்லிவிட்டால் செயலருக்கு என்ன மரியாதை?

"வச்சிட்டுப் போங்க. வியாழக்கிழமை பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

"வியாழக்கிழமையா?"

"வேலை இருக்குங்க."

போனார். வாசல் வரைக்கும் விசில் சத்தம் கேட்டது.